நில் என்றால் ஒன்றுமில்லை

என்னைப் போன் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கியவன் ஏகாம்பரம். காரணம் கேட்டேன். "ஒரு நல்ல மனுஷனை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்ட. மன்னிப்பு கேளு, திரும்ப சேர்த்துக்கறேன்" என்று பதில் வந்தது. நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உண்மையில் இதை எழுதச் சொன்னது வேறு ஆள். ஓய்வு பெற்றவர்களின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று, என் பழைய பிரிவில் இப்போது அதிகாரியாக இருக்கும் ஒரு பெண் போன் செய்தார். "சார், இனிமே ரிஜிஸ்டர் கிடையாது. எல்லாம் டேப்லட். அளவு போடற இடத்துல 'நில்'னு ஒரு பட்டனே வெச்சிருக்காங்க. ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது. நீங்க உங்க காலத்துக் கதையை ஜாலியா ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்."

நில் என்றால், இங்கிலீஷில் ஒன்றுமில்லை என்பதற்குப் போடுவார்களே, அந்த நில். அந்தப் பட்டனைப் பற்றிக் கேட்டதும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அது நடந்தது செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமைதான் ஏகாம்பரம் என்னை நீக்கியிருந்தான். இரண்டுக்கும் ஒரே காரணம். ஆகவே ஜாலியாக எல்லாம் எழுத வராது.

நான் ஓர் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு அளக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். நிலையத்தின் பெயர், ஊர் எதுவும் எழுத மாட்டேன். இங்கே எழுதப் போவது என்னுடைய தப்பை. அதற்கு நிலையத்தின் பெயர் தேவையில்லை. விஞ்ஞானி என்று யாராவது நினைத்தால் அதுவும் இல்லை. டிப்ளமோ. கையில் மீட்டரோடு ஒவ்வொரு அறையாகப் போய், இங்கே ஆள் வேலை செய்யலாமா, எவ்வளவு நேரம் செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பவன். அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்டால் கதவு திறக்கும். போடாவிட்டால் திறக்காது.

ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கு வந்து வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டேன். கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஒரு டீக்கடை. ஞாயிறு காலையில் அங்கே ஒரு கூட்டம் சேரும். ஏகாம்பரம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், என்னோடு பள்ளியில் படித்தவன். அன்வர் பாய் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பலராமன் பைக்கில் வருவார். நிலக்கடலை விவசாயம், கூடவே ஒரு சின்ன எண்ணெய் மில். இவர்களைத் தவிர வந்து போகிறவர்கள் ஏழெட்டுப் பேர். பேச்சு முழுக்க அணு, மின்சாரம், புவியீர்ப்பு, மற்றவர்கள் நடக்காது என்று சொன்ன எல்லாமும். போனில் குழுவுக்குப் பெயர் "முடியும்".

"தோரியம் மட்டும் கைக்கு வந்துச்சுனா உலகத்துக்கே நாம கரண்ட் விக்கலாம்" என்பான் ஏகாம்பரம்.

"மொதல்ல உன் வீட்டு இன்வெர்ட்டரை சரி பண்ணு வாத்தியாரே, நேத்து மூணாவது தடவையா தூக்கிட்டு வந்த" என்பார் அன்வர் பாய்.

எனக்கு அங்கே மீட்டர் சார் என்று பெயர். சிலருக்கு நான் ஊரை ஏமாற்றும் அணு உலைக் கும்பலைச் சேர்ந்தவன். வேறு சிலருக்கு நான் ஏதோ ரகசியம் தெரிந்த மகான். இரண்டு தரப்பும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "சார், சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க. அணு உலை ஆபத்தா, இல்லையா?"

"எந்த இடத்துல நிக்கறீங்க, எந்த மீட்டர் வெச்சு அளந்தீங்க, எத்தனை மணிக்கு அளந்தீங்க?"

"பாத்தியா, நழுவறாரு" என்று சிரிப்பார்கள்.

நழுவவில்லை. அதுதான் பதில். வேறு பதில் எனக்குத் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடியாததைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் கேலி செய்கிறவன் இல்லை. ஒரு கைப்பிடி உலோகத்தை வைத்து ஓர் ஊருக்கே விளக்கு எரிய வைக்கலாம் என்று என் அப்பாவிடம் சொன்னபோது, "படிக்க அனுப்பினா இப்டி பேசக் கத்துக்குனு வந்துக்கிற" என்றார். அந்த உலோகம்தான் எனக்குக் கடைசி வரை சோறு போட்டது. கனவு காண்கிறவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூஜ்யம் என்று எழுதுகிறவன் மேல்தான் கோபம். முக்கியமாக, அப்படி எழுதிய என் மேல்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாக எழுத எதுவுமில்லை. ஒரு வருடம் வகுப்பு, பரீட்சை, இன்னொருவன் பின்னால் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பிறகு என்னைத் தேவசகாயம் சார் கையில் கொடுத்தார்கள். அவர் எங்கள் பிரிவுக்குத் தலைவர். ஒல்லி. சட்டைப் பையில் இரண்டு பேனா. எவ்வளவு சின்னப் பையனாக இருந்தாலும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். மரியாதை இன்னும் கூடிவிடும். "தம்பி, தயவு செஞ்சு கொஞ்சம் இங்க வர முடியுங்களா?" என்று கேட்டுவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம்.

மீட்டரை எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் பேட்டரி. அடுத்து மீட்டரின் பக்கவாட்டில் பொத்தான் அளவுக்கு ஒட்டியிருக்கும், கொஞ்சம் கதிர்வீச்சுள்ள சோதனைப் பொருளுக்கு நேராக மீட்டரின் குழலை நீட்ட வேண்டும். முள் எழுந்தால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு, தூரத்தில் நிற்கும்போதே ஆன் செய்து, பெரிய அளவில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அறை வாசலில் போய் நின்று ஆன் செய்யக் கூடாது. கண்ணை முள்ளை விட்டு எடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் வேறு வகை மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். "வழியில முள் எப்படிப் போச்சுன்னு சொல்லத் தெரியணும் தம்பி. வாசல்ல என்ன காட்டிச்சுன்னு சொல்றது பெருசில்ல" என்பார். எனக்கு அது கிழவர் பேச்சாகத் தெரிந்தது. எனக்கு அப்போது வேகம் ஜாஸ்தி.

மணி என்று ஒரு ஃபிட்டர். ஒப்பந்த ஆள். போளூர் பக்கத்துக்காரன். அவ்வளவு தூரத்தில் நம் பக்கத்துப் பேச்சு பேசுகிறவன் கிடைத்ததில் எனக்கும் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆட்கள் இருக்கும்போது சார் என்பான், தனியாக இருந்தால் அண்ணா. தமிழ் நன்றாகப் படிப்பான், இங்கிலீஷ் தெரியாது. அந்த வருடம் ஒப்பந்த ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால் அறை வாசலில் தொங்கும் பலகையில் தமிழிலும் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். நல்ல உத்தரவு. நான் அதை நிறைவேற்றிய லட்சணம்தான் கேவலம். இங்கிலீஷில் என்ன எழுதுவோமோ அதையே தமிழ் எழுத்தில் எழுதினேன்.

ஒரு நாள், உலைத் தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் அறைக்குள் ஒரு குழாய் இணைப்பில் ஒழுகியது. போல்ட்டை இறுக்க வேண்டும், பத்து நிமிட வேலை. ஷிப்ட் அதிகாரி அவசரப்பட்டார். நான் மீட்டரோடு போனேன். நடைபாதையில் முள் ஏறியது. நடக்க நடக்க இன்னும் ஏறியது. வாசலுக்குப் பக்கத்தில் போனதும் முள் இறங்கி, பூஜ்யத்தில் உட்கார்ந்துவிட்டது. நடைபாதையில் ஒரு பழைய குழாய் ஓடுகிறது, முள் ஏறியது அதனால், அறைக்குள் ஒன்றுமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒப்பிடுவதற்கான இன்னொரு மீட்டரை வேறு ஆட்கள் எடுத்துப் போயிருந்தார்கள். காத்திருக்கவில்லை. ரிஜிஸ்டரில் இங்கிலீஷில் நில் என்று எழுதினேன். பலகையில் சாக்பீஸால் தமிழில் "கதிர்வீச்சு: நில்" என்று எழுதினேன்.

மணி ஸ்பேனரோடு வந்தான். பலகையைப் படித்தான். நின்றுவிட்டான்.

"இன்னாண்ணா, நில்லுனு எழுதிக்கிறீங்க. நிக்கணுமா, போணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷிப்ட் அதிகாரியும் சிரித்தார்.

"நில்னா ஒண்ணும் இல்லடா. போ."

அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

நாலைந்து நிமிடம் இருக்கும். மணி வெளியே வந்தான். சட்டையில் குத்தியிருந்த பேனா மாதிரிக் கருவியை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தான். உடம்பில் பட்ட அளவைக் காட்டுவது அது. உள்ளே ஒரு அளவுகோலும் அதன் மேல் மெல்லிய ஒரு கோடும் தெரியும். கதிர்வீச்சு படப் படக் கோடு நகரும். "அண்ணா, கோடே காணோம்" என்றான். ஒன்றும் படவில்லை என்று நினைத்து நல்ல சேதியாகத்தான் அதைச் சொன்னான்.

கோடு காணோம் என்றால், அளவுகோலின் கடைசி வரை ஓடி அதையும் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேவசகாயம் சாருக்குப் போன் போட்டேன். வந்தார். என் கையில் இருந்த மீட்டரை வாங்கி, வாசலில் ஒரு கணம் பார்த்தார். பூஜ்யம். பிறகு முகத்தை அறைப் பக்கமே வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தார். அறையை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகப் போக முள் எழுந்தது. உச்சிக்குப் போனது. இன்னும் தள்ளிப் போனதும் மெதுவாக இறங்கியது.

"பாத்தீங்களா தம்பி" என்றார். "கிட்டப் போனா ஊமையாயிடுது. தூரம் வந்தா பேசுது. அப்ப, அங்க இல்லாததால ஊமையா, தாங்க முடியாததால ஊமையா?"

அந்த வகை மீட்டருக்கு ஒரு குணம் உண்டு. கதிர்வீச்சு அளவுக்கு மீறி வந்தால் அதற்கு மூச்சு முட்டிவிடும். எண்ணுவதை நிறுத்திவிடும். முள் படுத்துவிடும். வகுப்பில் படித்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியது. பழைய ஃபில்டர் ஒன்றை அதன் ஈயப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மூடி போடாமல் அறைக்குள் விட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதை அப்படி விட்டது வேறு ஆட்களின் தப்பு. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

மணியின் சட்டையில் பேனாவோடு குத்தியிருந்த, பட்ட அளவைப் பதிந்து வைக்கும் அட்டையை ஆய்வகத்தில் படித்துப் பார்த்ததில், ஒரு வருடத்துக்கு ஒரு ஆளுக்கு அனுமதித்த அளவை அந்த நாலைந்து நிமிடத்திலேயே தாண்டியிருந்தான். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இனி அந்த வருடம் அவனை உள்ளே விடக் கூடாது. ஒப்பந்தக்காரருக்கு உள்ளே போகாத ஃபிட்டர் எதற்கு? கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். மணி போகும்போது என்னைத் திட்டவில்லை. "நில்லுனு படிச்சப்பவே நின்னுக்கணும்ணா" என்றான்.

விசாரணை வந்தது. ஷிப்ட் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு நல்லது சொன்னார். "அந்தப் பையன் நீ சொல்றதுக்கு முன்னாடியே உள்ள போய்ட்டான்னு எழுதிடு. அவன்தான் போய்ட்டானே, அவனுக்கு என்ன நஷ்டம்? உனக்குச் சின்ன வயசு."

எழுதவில்லை. "அவன் நின்றான். நான்தான் போ என்றேன்" என்று எழுதினேன். பலகையில் எழுதிய வார்த்தையையும் எழுதினேன். வீரத்தில் எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம். என் வார்த்தையை நம்பி உள்ளே போனவன் தலையிலேயே அதைக் கட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காகிதத்தைத் தேவசகாயம் சாரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். "எழுத்துப் பிழை ரெண்டு இருக்குங்க தம்பி" என்று திருத்திவிட்டு, கீழே "இவரைத் தனியாக அனுப்பியது நான்" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு தள்ளிப் போனது. அவருக்கும் ஏதோ வந்தது. என்ன என்று அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் நில் என்றோ பூஜ்யம் என்றோ யாரும் எழுதக் கூடாது. அவர் போட்ட சட்டம். "முள் அசையவில்லை" என்று எழுத வேண்டும். எந்த மீட்டர், சோதனைப் பொருளுக்கு அசைந்ததா, எங்கே நின்றேன், நடந்து வரும் வழியில் என்ன காட்டியது, இவ்வளவும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "இல்லைன்னு சொல்றதுக்கு நாம யாருங்க தம்பி? நமக்குத் தெரிஞ்சது முள்ளு மட்டும்தான்." புதிதாக வருகிற அதிகாரிகள் சிரிப்பார்கள். இரண்டு எழுத்துக்குப் பதில் இரண்டு வரியா? அவர் ஓய்வு பெற்ற பிறகு என்னிடமும் சிலர் மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. நான் கடைசி நாள் எழுதிய பக்கத்திலும் அப்படித்தான் இருக்கும்.

மணியை மறுபடி ஒரே ஒரு தடவை பார்த்தேன். லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு பௌர்ணமி அன்று, கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே பஸ் ஸ்டாண்டில். அவன்தான் கூப்பிட்டான். நல்லபடியாக இருந்தான், போளூரில் லேத் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னான். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே, "அண்ணா, அன்னிக்கு நான் படிச்சதுதானே கரெக்ட்டு?" என்றான்.

"நீ படிச்சதுதான்டா கரெக்ட்டு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினான். அவனுக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை.

இப்போது பலராமன் விஷயத்துக்கு வருகிறேன்.

பலராமன் கையில் வித்தை இருக்கிறது. மோட்டார் காயில் அவரே சுற்றுவார். ஆறு மாதமாக ஒரு மிஷின் செய்துகொண்டிருந்தார். ஒரு மோட்டார், அதிலிருந்து பெல்ட், பெல்ட்டில் ஒரு கனமான இரும்புச் சக்கரம், சக்கரத்தின் மறுபக்கம் ஒரு டைனமோ. டைனமோவில் வரிசையாக பல்புகள். டைனமோவிலிருந்து ஒரு ஒயர் பூட்டிய பெட்டி ஒன்றுக்குள் போய் மோட்டாருக்குத் திரும்பியது. பெட்டிக்குள் என்ன என்று சொல்ல மாட்டார். "ஸ்டார்ட் பண்ணத்தான் இ.பி. லைன். அப்பால அதுவே அதை ஓட்டிக்கும். இ.பி.லருந்து ஒரு பொட்டு கரண்ட் எடுக்காது" என்றார். நடக்காது என்றேன். "மீட்டர் சாருக்கு எல்லாமே நடக்காது. நாங்க கரண்ட் எடுத்தா உலைக்காரங்க பொழப்பு போயிடும்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கீழ்பென்னாத்தூருக்கு வரச் சொன்னார். எண்ணெய் மில் ஷெட்டில் மிஷின். சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு முன்னால் தரையைக் கழுவி, பெரிய கோலம். ஈரம் காயவில்லை. பூஜை போட்ட மிஷின், அதனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பலராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றார்.

ஸ்விட்ச் போட்டார். சக்கரம் சுற்றியது. பல்புகள் எரிந்தன. அன்வர் பாய் போனில் வீடியோ எடுத்தார். பலராமன் கிளாம்ப் மீட்டரை எடுத்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும், ஒயரைச் சுற்றிக் கவ்விக்கொண்டால் உள்ளே ஓடும் கரண்ட் எவ்வளவு என்று காட்டும் மீட்டர். சுவரிலிருந்து மோட்டாருக்கு வரும் ஒயரில் மாட்டினார். எல்லோரையும் பார்க்கச் சொன்னார்.

பூஜ்யம்.

"வாத்தியாரே, நீ படி."

"சைபர்!" என்றான் ஏகாம்பரம். கை தட்டினார்கள்.

நான் மீட்டரைப் பார்க்கவில்லை, அது எதைக் கவ்வியிருக்கிறது என்று பார்த்தேன். முழு ஒயரையும் கவ்வியிருந்தது. அதற்குள் போகிற கம்பி ஒன்று, வருகிற கம்பி ஒன்று. ஒன்றில் எவ்வளவு போகிறதோ அவ்வளவு மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். ஊரையே எரிக்கிற கரண்ட் ஓடினாலும் பூஜ்யம்தான். ஒரே ஒரு கம்பியைப் பிரித்துக் கவ்வ வேண்டும். மோட்டார் காயில் சுற்றுகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். எனக்கும்தான் தெரிந்திருந்தது, பரீட்சையில் எழுதியிருந்தேன். ஆசைப்பட்ட எண் கண் முன்னால் வந்தவுடன் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

"பலராமன், ஒத்தக் கம்பியைப் பிடிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டாருப்பா. சார், பூஜ்யம். படிக்கத் தெரியும்ல? இருங்க, உங்களுக்காகவே ஒண்ணு வெச்சிருக்கேன்."

ஒயரின் நடுவில் ஒரு இணைப்பு இருந்தது. முறுக்கி டேப் சுற்றியது. அவர் உட்கார்ந்து டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"இதுல ஒண்ணும் ஓடலை. கையாலயே பிச்சு எடுக்கறேன். மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும். பாய், நல்லா எடு."

ஈரக் கோலம். வெறுங்கால். இரண்டு கையிலும் இரண்டு கம்பி.

"நில்லு!" என்று கத்தினேன். நான் அவரை ஒருமையில் பேசியதே கிடையாது. "நில்லு பலராமன்!"

"மீட்டர் சாருக்கு வேர்க்குது" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு. பலராமனும் சிரித்தார். டேப்பின் கடைசிச் சுற்று.

மணி சிரித்துக்கொண்டே உள்ளே போனது என் கண் முன்னால் வந்தது. அதற்கு மேல் பேசுவதற்கு நேரம் இல்லை. எனக்குப் பின்னால் சுவரில் மெயின் ஸ்விட்ச் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

சக்கரம் நிற்கவில்லை. அவ்வளவு கனம். ஓடிய வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பல்புகளும் எரிந்தன. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் பலராமன் கையில். அவர் இரண்டு கம்பியையும் பிய்த்து, ஒவ்வொரு கையில் ஒன்றாகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"பாத்துக்குங்க! ஒண்ணும் இல்ல!"

ஷெட்டே அதிர்ந்தது. விசில். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்தக் கூட்டத்தில் பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிடம் உலகத்தில் முடியாதது எதுவும் இல்லை.

பிறகு பல்புகள் மஞ்சளாயின. சிவப்பாயின. சக்கரத்தின் ஓசை இறங்கியது. பெல்ட் இரண்டு தடவை தட்டிவிட்டு நின்றது. பலராமன் கம்பிகளோடு திரும்பிப் பார்த்தார். என் கை இன்னும் மெயின் கைப்பிடி மேல்தான் இருந்தது.

"என் மிஷினைக் கொன்னுட்டியா?"

"அது உன்னைக் கொல்லாம பாத்துக்கிட்டேன்."

"ஓடிக்கினு இருந்ததை நிறுத்திட்டு இன்னா பேச்சு பேசற? இவன் கை வெச்சதாலதான்பா நின்னுச்சு!"

பாதிப் பேர் அதை நம்பினார்கள். இன்றும் நம்புகிறார்கள். பொறாமை என்றான் ஒருவன். என்னைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். "ஒத்தக் கம்பியைப் பிடிச்சுப் பாரு! செருப்பு போட்டுக்கினு பாரு!" என்று வாசலில் நின்று கத்தினேன். என் செருப்பையே எடுத்து வெளியே வீசினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஏகாம்பரம் மறுநாள் வீட்டுக்கு வந்தான். "அவன் ஆறு மாச உழைப்புடா. தனியா கூப்பிட்டு பக்குவமா சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப? அவன் டேப்பைப் பிரிச்சு முடிச்ச அப்புறமா?"

"ஒரு வார்த்தை, தெரியாம நடந்துடுச்சுனு போடு. முடிஞ்சுது."

தெரியாமல் நடக்கவில்லை. தெரிந்துதான் இழுத்தேன். முன்பு ஒரு தடவை, நின்றவனை போ என்று சொன்னேன். அதற்குத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்க முடியாமலே போய்விட்டது. இதற்குக் கேட்க மாட்டேன். பலராமன் உயிரோடு உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார். அந்த வசவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மலருக்கு எழுதச் சொன்ன அதிகாரிக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பட்டனை எடுங்கள். வேண்டுமானால் "முள் அசையவில்லை" என்று ஒரு பட்டன் வையுங்கள், இப்போது முள்ளே இல்லை என்றால் "மீட்டர் காட்டவில்லை" என்று வையுங்கள். அதற்குப் பக்கத்தில், எங்கே நின்றாய் என்று கேட்டு, பதில் எழுதாமல் மேலே போக விடாதீர்கள். "மேல சொல்லிப் பாக்கறேன் சார்" என்றார். சொல்லிப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் மறுபடி போன் செய்வேன். எனக்கு வேறு வேலை இல்லை.

நேற்று அன்வர் பாய் கடைப் பக்கம் போனேன். அவர் மட்டும்தான் என்னோடு பேசுகிறார். அன்று எடுத்த வீடியோவை அழிக்கவில்லை என்றார், யாருக்கும் அனுப்பவும் இல்லையாம்.

"பலராமன் ஒத்தக் கம்பியைப் பிடிச்சுப் பாத்தாரா பாய்?"

"தெரியல சார். கேட்டா பேச்சை மாத்தறாரு. ஆனா ஷெட்டு கதவுல புதுசா எழுதி வெச்சிருக்காரு. போட்டோ எடுத்தேன், பாக்கறீங்களா?"

காட்டினார். சாக்பீஸ் எழுத்து. மேல் வரி: "செருப்பு போட்டுக்கொண்டு மட்டும் உள்ளே வரவும்." அதற்குக் கீழே: "மீட்டர் சார் வரக் கூடாது."

மேல் வரி பெரிய எழுத்தில் இருந்தது.